பச்சை எரிந்தால் சரி

மேலேயா? அவ்வளவு மேலேயா இந்த நெட் பெட்டியை மாட்டச் சொன்னான் என் மகன்? பரணுக்கும் மேலே, ஏணி வைத்து ஏறுகிற இடத்தில் வைத்தால் நான் எப்படித் தம்பி துடைப்பேன்? ஒரு மாதத்தில் ஒட்டடை மூடிவிடும். இதோ டிவி பக்கத்தில் ஸ்டூல் இருக்கிறது. துணி விரித்து அழகாக வைக்கலாம். வேண்டாமா? கை எட்டாத இடத்தில்தான் இருக்கணும் என்று போனில் சொன்னானா? ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னானா? சரி, வையுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் உட்கார்ந்துகொண்டு கோவில்பட்டியில் எந்தச் சுவரில் எங்கே ஆணி அடிப்பது என்று அவன்தான் முடிவு செய்கிறான். நான் இந்த வீட்டில் இருக்கிறவள், அவ்வளவுதான்.

ஏணியில் அந்தக் கால் ஆடும். பார்த்து ஏறுங்கள். டீ ஆறுகிறது. எனக்குப் போடுகிற மாதிரியே சர்க்கரை இல்லாமல் போட்டுவிட்டேன். வேண்டுமானால் சொல்லுங்கள்.

வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை காப்பி, காப்பி. ஒயருக்குள் இருக்கிற எட்டு இழைக்கும் வரிசை சரிதானே? ஏன் சிரிக்கிறீர்கள்? நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனால் தீப்பெட்டி ஆபீஸில் சட்டத்தில் குச்சி அடுக்கினவள். விரல் பழகிவிட்டால் குச்சி என்ன, ஒயர் என்ன. மகாராஜன் கம்ப்யூட்டர் நெட்வொர்க் படிக்கிற காலத்திலேயே வெளியில் சின்னச் சின்ன வேலை பிடித்துக்கொண்டு வருவான். மகாராஜன்தான் என் மகன், உங்களிடம் போனில் பேசினவன். நான் ஒயரைச் சீவி, முறுக்கைப் பிரித்து, நிறம் பார்த்து நீவி வைப்பேன். அவன் கிளிப்பில் செருகி அழுத்துவான். கட் கட் என்று அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"ஏம்ல இந்த வரிசை? நீலத்தை முதல்ல வச்சா குடியா முழுகிப்போகும்?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"உலகம் பூரா இதே வரிசைதாம்மா. நீ இங்க அடுக்குனதை எவனோ அமெரிக்காக்காரன் பிரிச்சுப் பாத்தாலும் அவனுக்குப் புரியணும்லா."

"அப்ப அவனையே வந்து அடுக்கச் சொல்லு. எனக்கு முதுகு வலிக்கு."

சிரிப்பான். அப்போதெல்லாம் சிரிப்பான். பச்சையை முதலில் வைக்கிற இன்னொரு வரிசையும் உண்டாம். அதுவும் சரிதானாம். எந்த வரிசையாக இருந்தாலும் ஒயரின் இரண்டு முனையிலும் ஒன்று போல இருக்கணும், அதுதான் முக்கியம் என்பான். கிளிப்பை மாட்டிப் பார்ப்பான். பெட்டியில் பச்சை விளக்கு எரியும். "பச்சை எரிஞ்சா சரி" என்பான். நானும் சொல்லிக்கொள்வேன், பச்சை எரிந்தால் சரி.

கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று சேர்க்கிற ஓட்டை ஓட்டையான பெட்டி, ஸ்விட்ச் என்பார்களே, அதைப் பற்றியும் எனக்குச் சொல்லியிருக்கிறான். பரீட்சைக்குப் படிக்கும்போது யாரிடமாவது சொல்லிப் பார்த்தால்தான் அவனுக்கு மனதில் நிற்கும். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு உம் கொட்டுவேன்.

"யம்மா, உங்க ஆபீஸ்ல புதுசா ஒரு மேஸ்திரி வந்தா என்ன செய்வா?"

"கத்துவா."

"என்னன்னு கத்துவா?"

"'யாருட்டி சண்முகத்தாய்'னு ஷெட்டு பூராவும் கேக்கக் கத்துவா. சண்முகத்தாய் கையத் தூக்குனா, அவ எந்த வரிசைன்னு பாத்து வச்சிக்கிடுவா. மறுநாள் கத்தாம நேரா அவகிட்டயே போவா."

"அதேதாம்மா இந்தப் பெட்டி. எந்த ஓட்டையில யார் இருக்கான்னு தெரியாத வரைக்கும் எல்லாப் பக்கமும் கத்தும். பதில் வந்தா ஞாபகம் வச்சிக்கிடும். இதுக்கு முந்தி இருந்த பழைய பெட்டிக்கு ஞாபகமே கிடையாது. எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் கத்திக்கிட்டே இருக்கும்."

"அது உங்க அத்தை மாதிரி" என்றேன். பாயில் உருண்டு உருண்டு சிரித்தான்.

பாஸ் பண்ணினான். கடைவீதியில் அந்தப் பெரிய ஜவுளிக்கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை கிடைத்தது. கடை பேர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். மாடிக்கு மாடி பில் போடுகிற கம்ப்யூட்டர். எல்லாவற்றிலிருந்தும் ஒயர் இறங்கி, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் இருக்கிற பெட்டிக்கு வரும். அந்த அறைச் சாவி அவனிடம். வேறு யாரும் உள்ளே போகக் கூடாது. முதலாளி அண்ணாச்சிகூடக் கேட்டுக்கொண்டுதான் வருவாராம். எனக்கு அவ்வளவு பெருமை.

பெட்டி வாங்குகிற நேரத்திலேயே அவன் அண்ணாச்சியிடம் சொன்னான். புத்தி உள்ள பெட்டி என்று ஒன்று உண்டாம். எண்ணூற்று இரண்டு என்று தொடங்குகிற ஏதோ நம்பர் சொல்வான், அந்த முறைப்படி செய்த பெட்டி. ஒயரை யாராவது தப்பாக மாட்டிவிட்டால்கூட அதுவே கண்டுபிடித்து அந்த ஓட்டையை மூடிக்கொள்ளுமாம். அதை வாங்குவோம் என்றான். அண்ணாச்சி இரண்டு பெட்டியையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டுலயும் ஓட்டை ஓட்டையாத்தானடே இருக்கு?" என்று சாதாரணப் பெட்டியை வாங்கினார். இதை நான் கடைசி வரை சொல்வேன். முதல் தப்பு அங்கே.

போன தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. ஜவுளிக்கடையில் அந்த ஒரு நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் காலையிலேயே சாப்பிடாமல் போய்விட்டான். நான் மதியம் சோறு கொண்டுபோனேன். கூட்டத்தில் நுழைந்து, மாடிப்படிக்குக் கீழே போய்க் கதவைத் தட்டினேன். "உள்ள வந்து உக்காரும்மா, யாரும் பாக்குறதுக்குள்ள" என்று இழுத்துக்கொண்டான். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பான். மேலே மூன்றாவது மாடியில் ஏதோ பிரிண்டர் சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். "இருந்துக்கோ, இப்ப வந்துருதேன்" என்று எச்சில் கையோடு ஓடினான்.

நான் சும்மா உட்கார மாட்டேன், தம்பி. என் சுபாவம் அது. தரையெல்லாம் ஒயர் துண்டும் தூசியும். அந்த வாரம்தான் அண்ணாச்சி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடே இது, எலி கூடு கட்டுன மாதிரி வச்சிருக்க" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். அவன் வந்து சொல்லி வருத்தப்பட்டான். சரி, பிள்ளைக்கு ஒரு பேச்சுக் குறையட்டும் என்று துடைப்பத்தை எடுத்துக் கூட்டினேன். ஒரு நீல ஒயர், அதன் ஒரு முனை பெட்டியில் இருந்தது, மறு முனை தரையில் கிடந்தது. வருகிறவர் போகிறவர் காலில் மிதிபட்டுக் கிளிப்பெல்லாம் மண். முந்தானையில் துடைத்து, பெட்டியில் காலியாக இருந்த ஓட்டையில் மாட்டினேன். டக் என்று உட்கார்ந்தது. பச்சை எரிந்தது. அது மட்டும் இல்லை தம்பி, பெட்டியில் இருந்த எல்லா விளக்கும் சேர்ந்து படபட படபட என்று மின்ன ஆரம்பித்தது, தேருக்குச் சீரியல் லைட் போட்ட மாதிரி. அத்தனையும் பச்சை. பார்க்கவே நன்றாக இருந்தது. நம் கை பட்டதும் என்ன வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் திரும்பி வரவே இல்லை. மேலே ஏதோ கூச்சல் கேட்டது. தீபாவளிக் கூட்டம், கத்தத்தான் செய்யும் என்று கதவைச் சாத்திவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகுதான் தெரிந்தது. பில் போடுகிற கம்ப்யூட்டர் அத்தனையும் நின்றுபோய்விட்டது. ஒரு மாடியில்கூட ஒரு பில் விழவில்லை. ஜனங்கள் எடுத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று நின்று பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் அழ, பெண்கள் கத்த, கடைசியில் துணியை அங்கங்கே போட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். எதிர்க்கடைக்காரன் வாசலில் நின்று வாங்க வாங்க என்று கும்பிட்டானாம். இவன் கம்ப்யூட்டரைப் பார்க்க, கரண்டைப் பார்க்க, மேலே ஓட, கீழே ஓட. பெட்டியை அணைத்துப் போட்டால் ஒரு நிமிஷம் வேலை செய்யுமாம், திரும்ப நின்றுவிடுமாம். பொழுது சாய்கிற நேரத்தில்தான் சரியாகியிருக்கிறது. கூட்டம் போன பிறகு சரியாகி என்ன?

வீட்டுக்கு வந்தான். நான் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தேன். நின்றுகொண்டே இருந்தான்.

"யம்மா, நான் மேல போனப்போ உள்ள எதையாவது தொட்டியா?"

"நான் எதைத் தொடப்போறேன்? கூட்டிப் பெருக்குனேன். கீழ கிடந்ததை எடுத்து மாட்டுனேன். வேற ஒண்ணையும் தொடல."

அவன் என் கையிலிருந்து தட்டை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தான். என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தான், சின்னப் பிள்ளை கையில் அடி பட்டிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு சொன்னான், "நீ அங்க வந்ததையே யார்கிட்டயும் சொல்லாதம்மா. யார் கேட்டாலும் வரலைன்னு சொல்லு." வெளியாளை உள்ளே விட்டது தெரிந்தால் அவனுக்குக் கெட்ட பேர் அல்லவா? நானும் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் கடையைச் சேர்ந்தவர் இல்லை என்பதால் சொல்கிறேன்.

மறுநாள் போய் அண்ணாச்சியிடம், "என் தப்புதான், நான்தான் மாத்தி மாட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டான். யாராவது அப்படிச் சொல்வார்களா? அண்ணாச்சி போய்விடு என்றார். போய்விட்டான். பேசி வைத்திருந்த பெண் வீட்டுக்காரர்கள், "பையன் வேலையில கவனம் பத்தாதோ" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் அழவில்லை. அன்றைக்கு மாவு அரைத்தேன். அரைத்துக்கொண்டே இருந்தேன்.

என்ன தப்பு என்று அவன் எனக்குச் சொல்லவே இல்லை. தெய்வேந்திரன் பெண்டாட்டிதான் சொன்னாள். தெய்வேந்திரன் அந்தக் கடையில் மாடி சூப்பர்வைசர், அடுத்த தெருதான். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவள் சொன்னாள்: "ஒரே ஒயரோட ரெண்டு முனையும் ஒரே பெட்டியில மாட்டியிருந்துச்சாம்க்கா. அந்தப் பெட்டி கத்துன சத்தம் ஒரு ஓட்டை வழியாப் போயி இன்னொரு ஓட்டை வழியா அதுகிட்டயே திரும்ப வந்துச்சாம். வேற யாரோ கூப்பிடுதான்னு நினைச்சுத் திரும்பக் கத்துச்சாம். கத்திக் கத்தி அதுக்குப் பைத்தியம் பிடிச்சுப் போச்சாம். இதுகூடத் தெரியாதவனையா வேலைக்கு வச்சிருந்தாங்கன்னு எங்க வீட்டுக்காரர் சிரிக்கார்."

சிரிக்கிறானாம். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. தொழில் தெரிந்தவன் எவனும் அப்படி மாட்ட மாட்டான். என் மகன் மாட்டவே மாட்டான். வேண்டும் என்றே யாரோ மாட்டியிருக்கிறான். யார்? பத்து நாளில் மகாராஜன் இடத்துக்கு யார் வந்தது என்று பாருங்கள். தெய்வேந்திரன் மச்சினன். இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

என்ன தம்பி, ஏணியிலேயே நின்றுவிட்டீர்கள்? ஆணி வேண்டுமா? நீங்கள் இந்தத் தொழிலில் இருக்கிறவர், நீங்களே சொல்லுங்கள். வேறு எப்படி நடந்திருக்கும்? ஒன்றும் இல்லையா? சரி, வேலையைப் பாருங்கள். என் மகனும் இப்படித்தான், கேட்டால் பேச மாட்டான்.

நான் காளி கோவிலுக்குப் போனேன். ஊருக்குத் தெற்கே, கெடுதல் செய்தவனைச் சபித்துக் காசு வெட்டிப் போடுகிற கோவில். கோர்ட்டில் கிடைக்காத நியாயம் அங்கே கிடைக்கும். பூசாரி உளியைக் கொடுத்து, "பேர் சொல்லி வெட்டுதியா, பேர் சொல்லாம வெட்டுதியா?" என்று கேட்டார். நான் யோசித்தேன். தெய்வேந்திரன்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒருவேளை அவன் மச்சினனாக இருந்தால்? பாவம் பழி நமக்கு வேண்டாம். "அந்த ஒயரை அந்த ஓட்டையில மாட்டுன கை எதுவோ, அந்தக் கை விளங்காமப் போகணும்" என்று சொல்லி வெட்டினேன். ஒரே அடி. காசு இரண்டாகத் தெறித்தது. நியாயமாகத்தானே கேட்டேன்? செய்தவனுக்கு மட்டும்.

அதை வந்து மகாராஜனிடம் சொன்னேன். அவனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் முகம் போன போக்கை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"எந்தக் கைன்னு சொன்ன?"

"மாட்டுன கைன்னு சொன்னேன்."

"வாம்மா. இப்பவே போவோம். காசைத் திரும்ப எடுத்துச் சாபத்தை நீக்கிருவோம். வெட்டுனவ வந்து கேட்டா எடுத்துக் குடுப்பாங்க."

"எதுக்குல எடுக்கணும்? அவனுக்குப் போயி நீ ஏன் பாவம் பாக்க?"

"யம்மா, நான்தான் மாட்டுனேன். என் கைதான். போதுமா? வா."

"பொய் சொல்லாத. உனக்குத் தொழில் தெரியும்."

அழுதான், தம்பி. அவன் அப்பா போனபோதுகூட அழாதவன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒருவேளை உண்மையிலேயே இவன்தான் தெரியாமல் மாட்டியிருந்தால்? மறுநாள் காலையிலேயே கோவிலுக்குப் போனேன். காசை எடுக்கவில்லை. "தாயே, என் மகன் கையை மட்டும் விட்டுரு. வேற எந்தக் கையா இருந்தாலும் எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவனிடம் அதையும் சொன்னேன். இனிப் பயம் இல்லை, உன் கைக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அந்த வாரமே ஸ்ரீபெரும்புதூரில் ஏதோ கம்பெனிக்குக் கிளம்பிப் போய்விட்டான். குடோனில் பெட்டி எண்ணுகிற வேலை. படித்த படிப்பு என்ன, பார்க்கிற வேலை என்ன.

தெய்வேந்திரனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தினமும் பார்க்கிறேன், இரண்டு கையையும் வீசிக்கொண்டுதான் நடக்கிறான். அவன் மச்சினன் இரண்டு கையையும் விட்டுவிட்டுப் பைக் ஓட்டுகிறான். சாமி எதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதோ.

எனக்குத்தான் தை மாதத்திலிருந்து இந்த வலது கை. மரத்துப்போய்க் கிடக்கிறது. டாக்டர் சர்க்கரை என்கிறார், நரம்பு என்கிறார், மாத்திரை கொடுத்திருக்கிறார். வலி இல்லை. வலித்தால்கூடப் பரவாயில்லை, ஒன்றுமே தெரியவில்லை. போன வாரம் சூடான இட்லிப் பாத்திரத்தைப் பிடித்திருக்கிறேன், தோல் உரிந்த பிறகுதான் பார்த்தேன். அதைப் போனில் சொன்னதற்குத்தான் உங்களை அனுப்பியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்க மாட்டான். "கை எப்படிம்மா இருக்கு?" அதுதான் முதல் கேள்வி. அடுத்த கேள்வி, "கோவிலுக்குப் போவோமா?" நான் முடியாது என்பேன். அவன் வைத்துவிடுவான். இப்போது டிவி மேலே வைக்கக் கேமரா வேறு கூரியரில் அனுப்பியிருக்கிறான். இனிமேல் டிவியிலேயே முகம் பார்த்துப் பேசுவானாம், கையைப் பார்த்தே தெரிந்துகொள்வானாம்.

என்ன சொன்னீர்கள்? காசை எடுத்துவிடவா? நீங்களும் அதையே சொல்கிறீர்களே. உங்களுக்கும் அவனுக்கும் என்ன, பேசி வைத்துக்கொண்டீர்களா? செய்தவன் கை கீழே விழுகிற வரைக்கும் எடுக்க மாட்டேன். நான் பிடித்தால் பிடிதான்.

முடிந்துவிட்டதா? அந்த மிச்ச ஒயர் ஏன் டிவி பின்னால் தொங்குகிறது? இருங்கள், நான் எடுத்து... பார்த்தீர்களா, கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சரி சரி, நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். அவனும் அன்றைக்கு இப்படித்தான் தட்டை வாங்கினான், வலிக்காமல். ஏன் தம்பி எல்லோரும் என் கையிலிருந்து இப்படி வாங்குகிறீர்கள்?

டிவியில் மணி அடிக்கிறது. அவன்தானா? எதை அமுக்கணும்? நீங்களே அமுக்குங்கள். நான் எதையும் தொடவில்லை.

அட. இவ்வளவு பெரிசாத் தெரியுறானே. ஏல, மெலிஞ்சு போயிட்ட. சாப்பிடுதியா இல்லியா? ஆமா, தம்பி நல்லா மாட்டியிருக்கார். நீ சொன்ன மாதிரியே உசரத்துல. டீ குடிக்கலை, பேச்சு கேட்டுக்கிட்டே நின்னுட்டார். எல்லாம் சொன்னேன். நான் சோறு கொண்டு வந்தது, கூட்டுனது, ஒயரை மாட்டுனது, எல்லாம். அவர் வெளியாளுதானே. கையா? இந்தா பாரு. கிட்டக் காட்டட்டுமா? நல்லாப் பாத்துக்கோ. இந்தக் கைக்கு என்ன குறை? இது யாருக்கு என்ன கெடுதல் செஞ்சுச்சு?

தம்பி, இங்கே வந்து பாருங்கள். படம் நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடியே அவன் அசையாமல் இருக்கிறான். ஒயர் கழன்றுவிட்டதா? மேலே பெட்டியைப் பாருங்கள், எனக்கு இங்கிருந்தே தெரிகிறது, எல்லா விளக்கும் பச்சையாகத்தானே எரிகிறது?